எலுமிச்சை மேல் ஏறாத எட்டு சிலிண்டர்

நான் வாங்கியது கார் இல்லை, ஒரு காரின் விபத்து என்று என் மனைவி இன்றும் சொல்லுவாள். பாதி உண்மை. நாங்கள் குடியேறிய இந்த நாட்டில், புக்கெகோஹி என்ற ஊரில் ஒரு கொட்டகையில், வெங்காய மூட்டைகளுக்கு நடுவே அது நின்றது. கிட் கார். பாகங்களாக வாங்கி வந்து வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் வகை. ஃபைபர் உடம்பு, இரண்டே இருக்கை, கூரை கிடையாது. மூக்கு நொறுங்கி, இடது விளக்கு வயரில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் உள்ளே எட்டு சிலிண்டர் எஞ்சின். லாரிக்குப் போதுமான எஞ்சினை எங்கள் வீட்டு சோபாவைவிடக் கொஞ்சமே கனமான உடம்பில் யாரோ வைத்திருந்தார்கள். எனக்கு அந்த இடத்திலேயே புத்தி கெட்டுப்போயிற்று.

எப்படி அடிபட்டது என்று விற்றவரிடம் கேட்டேன். தான் வாங்கும்போதே இப்படித்தான் இருந்தது என்றார். மீட்டரைப் பார்த்தேன். மொத்தம் பத்து கிலோமீட்டர்கூட ஓடவில்லை. அதை நான் நல்ல சேதியாக எடுத்துக்கொண்டேன்.

டிரெய்லரில் வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கிய அன்று மகள் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். இங்கேயே பிறந்தவள். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். ஹைஸ்கூல் சேர்ந்த நாளிலிருந்து, காலையில் நான் கொண்டுவிடும்போது பள்ளிக்கு முந்தின முக்கில், டெய்ரி என்று இங்கே சொல்லும் பெட்டிக்கடை வாசலிலேயே இறங்கிக்கொள்வாள். வாசல் வரை வராதீர்கள் என்று ஒருநாளும் சொன்னதில்லை. முக்கு வந்ததும் கை தானாகக் கதவுக்குப் போய்விடும். காருக்குள் இருக்கும் பிள்ளையாரா, என் உரத்த குரலா, எது அவளுக்குக் கூச்சம் என்று நானும் கேட்டதில்லை. எனக்கு வலித்தது, அவ்வளவுதான்.

அன்று அவளே பேசினாள். குளிர்காலத்தில் பள்ளி மண்டபத்தில் நடன விருந்து. கடைசி வருடப் பிள்ளைகள் விதவிதமான வண்டிகளில் வந்து இறங்குவது இங்கே வழக்கம். போன வருடம் ஒருத்தி டிராக்டரில் வந்தாளாம். இதில் என்னைக் கொண்டுபோய் விடுவீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"வாசல் வரைக்குமா?" என்றேன்.

"ரைட் அப் டு த கேட், அப்பா."

அதற்குப் பிறகு அந்தக் காரை ரிப்பேர் செய்யாமல் இருக்க என்னால் முடியவில்லை.

ரிப்பேர் செய்தது நான் என்று வெளியே சொல்லிக்கொள்வேன். உண்மையில் டார்ச் பிடித்ததுதான் நான். செய்தவள் மனைவி. யாழ்ப்பாணத்துக்காரி, பல் செட் செய்யும் லேபில் வேலை. உடைந்த ஃபைபரை ஒட்டுவதும் பல்லை ஒட்டுவதும் அவளுக்கு ஒரே வேலைதான். லேபில் போடும் முகமூடியோடு தினமும் கராஜில் வந்து மூக்கின் முன்னால் குந்தி உட்காருவாள். விரல் நுனியால் தடவிப் பார்ப்பாள். "இது வேர் வரைக்கும் போயிட்டுது, அப்பா" என்று விரிசலைப் பார்த்தபடி என்னிடம் சொல்லுவாள். அவர்கள் ஊரில் கணவனையும் அப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். பெயின்ட்டின் சிவப்பைப் பொருத்த, ஈறுக்கு நிறம் பார்க்கும் அட்டையைக் கொண்டுவந்தாள். பொருந்தியது. எங்கள் காரின் நிறம் ஆரோக்கியமான ஈறின் நிறம்.

மூக்கைக் கழற்றிய நாளில், அதன் உள்மூலையில் காய்ந்து கறுத்த ஒரு எலுமிச்சை அகப்பட்டது. குங்குமம்கூட ஒட்டியிருந்தது. நான் துள்ளிக் குதித்தேன்.

"பாத்தியா! நம்ம ஆளு வண்டிம்மா இது. பூஜை போட்ட வண்டி!"

"உங்கட ஆக்கள்தான் ஆரோ" என்றாள். "பூசை போட்ட வண்டி ஏன் பத்து கிலோமீட்டரில அடிபட்டது?"

எதற்கெடுத்தாலும் குறுக்குக் கேள்வி. அந்த எலுமிச்சையைச் சாமி அலமாரியில் பத்திரமாக வைத்தேன்.

வீட்டில் பூட்டிய வண்டி என்பதால் அதற்கென்று தனியாக ஒரு பரிசோதனை உண்டு. டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுபோனோம். பரிசோதித்தவர் எஞ்சினைவிட மூக்கைத்தான் அதிக நேரம் பார்த்தார், யார் செய்தது என்று இரண்டு தடவை கேட்டார். விருந்துக்கு முந்தைய நாள் எல்லாக் காகிதமும் கைக்கு வந்தது. அதுவரை அந்தக் காரை நான் ஓட்டியதே இல்லை. கராஜில் ஸ்டார்ட் செய்து சத்தம் கேட்டு மகிழ்ந்ததோடு சரி. ஈஸ்ட் டாமாக்கியில் நான் பார்க்கும் உத்தியோகம் சாஃப்ட்வேர் டெஸ்டிங். எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்காமல் வெளியே விடக் கூடாது என்று பத்துப் பேருக்குச் சொல்லிக்கொடுப்பவன் நான்.

விருந்தன்று சாயங்காலம் வண்டியை கராஜ் வாசலுக்கு உருட்டி வந்து பூஜை. சந்தனம், குங்குமம், கற்பூரம். நாலு சக்கரத்துக்கு முன்னாலும் எலுமிச்சை. ஊரில் எலுமிச்சை என்றால் கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிதாக, தோல் மெல்லியதாக இருக்கும். எங்கள் பின்கட்டு மரத்தில் காய்ப்பது என் கைமுஷ்டி அளவு, தோலே விரல் கனம். அதையெல்லாம் அப்போது யார் யோசித்தார்கள். மகள் கரும்பச்சை கவுனைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். எஞ்சின் உறுமியதில் எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன.

"மெல்லமாத் தள்ளினாக் காணும், அப்பா" என்றாள் மனைவி, கற்பூரத் தட்டோடு. "தேசிக்காய் நசியும்தானே."

எட்டு சிலிண்டரை வைத்துக்கொண்டு, தள்ளினால் போதுமா? தெரு முழுக்க வேடிக்கை பார்க்கிறது. கிளட்ச்சை மெதுவாக விட்டேன். வண்டி எலுமிச்சையில் முட்டி நின்றது. இன்னும் கொஞ்சம் கொடுத்தேன். முக்கியது, ஏறவில்லை. அவமானமாக இருந்தது. இன்னும் கொடுத்தேன்.

பின்சக்கரம் எலுமிச்சைச் சாற்றில் வழுக்கிச் சுழன்றது, தோலைக் கிழித்தது, பிறகு கான்கிரீட்டைப் பிடித்தது. அடுத்த நொடி எங்கள் தபால்பெட்டித் தூண் முன்னால் நின்றது. பிரேக் போட்டேன், ஆனால் தூணுக்குப் பிறகு. அதே மூக்கு. அதே இடது விளக்கு. மூக்கில் எலுமிச்சையை விட்டுப்போன, முகம் தெரியாத அந்தத் தமிழனுக்கு என்ன நடந்திருக்கும் என்று அப்போது முழுதாகப் புரிந்தது.

மகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கவுனில் ஒரு கசங்கல்கூட இல்லை. ரேடியேட்டர் கிழிந்து தண்ணீர் ஓடியது, இனி எஞ்சினைப் போட முடியாது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அழுகை வந்தது. அவள் எத்தனையோ வருடத்துக்குப் பிறகு கேட்ட ஒரே ஒரு காரியம்.

"அம்மா காரில் போயிடலாம்" என்றேன். "முக்கிலேயே இறக்கிவிட்டுடறேன்."

அவள் இறங்கி முன்னால் போய் மூக்கைப் பார்த்தாள், சக்கரத்தை உதைத்துப் பார்த்தாள். பிறகு என் பக்கக் கதவைத் திறந்து, ஆங்கிலத்தில், "தள்ளினால் போகும், இறக்கம்தானே, இறங்குங்கள்" என்றாள். லேர்னர்ஸ் லைசன்ஸ்காரி, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள். மனைவி தட்டைத் தூண்மேல் வைத்துவிட்டு, புடவையை இழுத்துச் செருகினாள்.

பள்ளி நாலு தெரு தள்ளி. நானும் மனைவியும் பின்னால் குனிந்து தள்ளினோம். லாரிக்குப் போதுமான எஞ்சின் சத்தமே இல்லாமல் எங்களோடு வந்தது. எலுமிச்சை வாசனையும் வந்தது. டெய்ரி முக்கு நெருங்கியபோது நான் பிடியைத் தளர்த்தினேன், பழக்கம்தான். மகள் அங்கே பிரேக் போடவில்லை. திரும்பிப் பார்த்து, "ஏன் நிக்கிறீங்க, தள்ளுங்க" என்றாள். தமிழில்.

வாசலில் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். ஒரு பையன் எட்டிப் பார்த்து, "வி எய்ட்டா?" என்று, எட்டு சிலிண்டரா என்ற அர்த்தத்தில் கேட்டான். மகள் கவுனைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். வேர்த்து விறுவிறுத்து நின்ற எங்கள் இருவரையும் எல்லோருக்கும் தெரியும்படி கை காட்டினாள்.

"நோ. டூ சிலிண்டர்ஸ். மை பேரன்ட்ஸ்."

மனைவிக்கு மூச்சு வாங்கியது. இடுப்பில் கை வைத்து நிமிர்ந்து, என்னைப் பார்த்தாள்.

"நான் அப்பவே தள்ளச் சொன்னனான்" என்றாள்.