உமரிக்குப் பேர் இல்லை என்றேன்

மரக்காணம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. கூடவே நோட்டு, பேனா, ரீசார்ஜ். ஊரில் பாதிப் பேரின் முகம் எனக்குக் கறுப்பு வெள்ளையில்தான் நன்றாகத் தெரியும். போன வருஷம் வெயில் காலத்தில் அந்தக் கடையில் உட்கார்ந்து ஒரு பொய் சொன்னேன். சின்னப் பொய்தான். ஆனால் தொழுது முடித்துக் கையேந்தும்போதெல்லாம் மற்ற பாவங்களை முந்திக்கொண்டு அதுதான் வந்து நிற்கிறது.

அன்றைக்குக் கடைக்குள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் புதுச்சேரிக்காரம்மா. என் மகளைத் தன் மகனுக்குப் பெண் கேட்டு வந்தவர். பேச்சு முக்கால்வாசி முடிந்திருந்தது. வெளியே, ரேஷன் கார்டை ஜெராக்ஸ் எடுக்க என் பள்ளிக்கூடத்துச் சிநேகிதி நின்றாள். உப்பளத்தில் வேலை செய்கிறவள். அந்த நேரம் பார்த்து, மரம் நடுகிற குழு ஒன்றிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். உப்பளத்துக்கும் ரோட்டுக்கும் நடுவே கிடக்கும் மேட்டைச் சுத்தம் செய்து மரக்கன்று வைக்கப்போகிறார்களாம். ஊர்க்காரர்களுக்கு உதவுகிற செடி ஏதாவது அங்கே இருந்தால் அதை மட்டும் விட்டுவைப்பார்களாம். அதற்கென்று ஒரு படிவம் வைத்திருந்தார்கள். உள்ளூர்ப் பெயர் என்று ஒரு கட்டம், பயன் என்று ஒரு கட்டம்.

வந்தவர்களில் ஒரு பெண் பையிலிருந்து ஒரு கொத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். குட்டையான, சதைப்பிடிப்பான இலைகள். தண்டில் லேசாகச் சிவப்பு ஏறியிருந்தது.

"இதுக்கு உங்க ஊர்ல என்னங்க பேரு? யாராவது சாப்புடுவாங்களா?"

உமரி. எனக்கா தெரியாது? நான் ஒன்பதாவது படித்தபோது, வெளிநாடு போன அத்தா ஏஜெண்டிடம் ஏமாந்து, ஒன்றரை வருஷம் வீட்டுக்கு ஒன்றும் அனுப்பவில்லை. மழைக் காலத்தில் உப்பளம் மூடிவிடும். சிநேகிதி வீட்டிலும் கூலி கிடையாது. ஆனால் மழை பெய்தால் மேட்டில் உமரி தளதளவென்று கிளம்பும். அவள் அம்மா மடி நிறையப் பறித்து வந்து, பாதியை எங்கள் வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார். இரண்டு தண்ணீர் மாற்றி வேகவைத்து வடித்து, சென்னாக்கூனிக் கருவாடு போட்டு வதக்கினால் போதும். உப்புப் போட வேண்டியதே இல்லை. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். கீரையிலேயே உப்பு இருந்ததால் அந்தப் பழமொழி எனக்குப் பொருந்தாது என்று இருந்துவிட்டேன் போலும்.

"இந்தக் களையையா திம்பாங்க?" என்று புதுச்சேரிக்காரம்மா சிரித்தார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் எனக்கு முகம் சுட்டது.

"அதெல்லாம் யாரும் தின்னமாட்டாங்க. வெறும் களைங்க. பேரெல்லாம் ஒண்ணுமில்ல" என்றேன்.

வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று உளறியிருந்தால்கூட மனதைத் தேற்றிக்கொள்ளலாம். நான் யோசித்துத்தான் சொன்னேன். அந்தப் பெண் இரண்டு கட்டத்திலும் 'இல்லை' என்று எழுதிக்கொண்டாள். சிநேகிதி ஜெராக்ஸை வாங்கி முந்தானையில் செருகிக்கொண்டு போய்விட்டாள்.

மகள் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அடுத்த வாரமே மேட்டில் ஜேசிபி இறங்கியது.

என் வீட்டுக்காரர் சவுதியில் ஒரு தோட்டத்தில் வேலை செய்கிறார். கல்யாணம் முடிந்து திரும்பிப் போனவர், ஒருநாள் வீடியோ காலில் உவர் நிலம் ஒன்றைக் காட்டினார். "பாரு, நம்ம உமரி இங்கயும் இருக்குது. அரபிங்க சுவைத்னு சொல்றாங்க. கறுப்புன்னு அர்த்தமாம்." நம் ஊரிலும் அதில் ஒரு வகையைக் கருவுமரி என்போம். கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும், ஒருவரை ஒருவர் கேட்காமலே, அதே நிறத்தைப் பார்த்துப் பேர் வைத்திருக்கிறார்கள்.

அப்புறம் போனும் கையுமாகத் தேட ஆரம்பித்தேன். அந்த அரபுப் பேரைத்தான் செடி ஆராய்ச்சிக்காரர்கள் லத்தீனில் வைத்துக்கொண்டார்களாம். இந்த மாதிரி உவர்ச் செடிகளை எரித்த சாம்பலில்தான் ஒரு காலத்தில் சோப்பும் கண்ணாடியும் செய்தார்கள். அந்தச் சாம்பலுக்கு அரபியில் கலீ. பத்தாம் வகுப்பில் நான் மனப்பாடம் செய்த ஆல்கலி அதிலிருந்து வந்ததுதான். சோடா என்ற சொல்லும் இந்தச் செடிகளின் அரபுப் பேரிலிருந்துதான் போயிருக்கும் என்று சிலர் சொல்கிறார்கள். ஆப்ப மாவுக்குச் சோடா கேட்டுக் கடைக்குப் போகும்போதெல்லாம் அதன் பேரைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். உமரி என்ற நம் சொல்லுக்கு உவரோடு சொந்தம் உண்டோ என்று எனக்கு ஒரு சந்தேகம். அடித்துச் சொல்லப் படிப்பு போதாது. இவ்வளவு பேர் உள்ள செடிக்குத்தான் பேர் இல்லை என்று எழுத வைத்தேன். வெட்கமாக இருந்தது.

அந்தக் குழுவுக்குப் போன் செய்தேன். "லிஸ்ட் அப்பவே குடுத்தாச்சு மேடம். கன்னும் வெச்சாச்சு" என்றார்கள். வைத்த கன்றுகளில் பாதி உவரில் கருகி நின்றன.

மழை பிடித்து உப்பளம் மூடிய பிறகு சிநேகிதி வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து உமரி ஆய்ந்துகொண்டிருந்தாள். இப்போது கழுவெளி ஏரிப் பக்கம் போய்ப் பறிக்கிறாளாம். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். சேற்றில் நடந்து காலில் வெடிப்பு.

"அன்னிக்கு நான் பொய் சொல்லிட்டேன்டி" என்றேன்.

"தெரியும்."

தப்புச் செய்தவளுக்குத்தானே கோபம் முதலில் வரும்? எனக்கும் வந்தது. "அப்ப நீ சொல்லியிருக்கலாம் இல்ல? பக்கத்துலதானே நின்ன?"

அவள் கீரையிலிருந்து கையை எடுக்கவில்லை. "உன் சம்பந்தி உக்காந்திருந்தாங்களே. நான் பேரைச் சொன்னா, உனக்கு எப்படித் தெரியும்னு கேப்பாங்க. உங்க வூட்டுல இதத் தின்ன கதையெல்லாம் ஒண்ணொண்ணா வெளிய வரும். பொண்ணு விஷயம். அதான் வாய மூடிக்கினு வந்துட்டேன்."

பிறகு, ஆய்ந்ததில் பாதியை ஒரு கவரில் போட்டு என் பக்கம் நகர்த்திவிட்டு, "பொண்ணு அங்க நல்லா இருக்குதா?" என்று கேட்டாள்.