மாமனாரோடு ஸ்கேனுக்குப் போன காலம்

சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்குள் வண்டி திரும்பும்போதே என் மாமனார் கூடவே ஓடி, ஜன்னல் வழியாகத் தோள் துண்டை எறிந்து எனக்கு இடம் பிடிப்பார். பார்க்கிற பழைய டிரைவர்கள் சிரிப்பார்கள். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்த காலம் முழுக்க, அப்படி எறியப்பட்ட துண்டுகளை எடுத்து வெளியே வீசியவர் அவர். ஏறி வந்தவனுக்குத்தான் சீட்டு என்று சண்டை போட்டே பேர் வாங்கியவர். ஓய்வு பெற்ற பிறகு, மருமகள் திருப்பதி வரைக்கும் நின்றுகொண்டு போகக் கூடாது என்பதற்காகத் தன் சட்டத்தைத் தானே மீறினார். யாராவது கிண்டல் செய்தால் முறைத்துப் பார்த்து, தான் இப்போது டூட்டியில் இல்லை என்பார்.

நாங்கள் போனது ஸ்கேனுக்கு. எனக்குச் சிறு வயதிலிருந்தே மாதவிலக்கு ஒழுங்காக வந்ததில்லை. ஒரு முறை சரியாக வரும், அடுத்த முறை மாதக்கணக்கில் ஆளையே காணோம் என்று இருக்கும். பிள்ளை வேண்டும் என்று நினைத்த பிறகுதான் அது எவ்வளவு பெரிய தொல்லை என்று புரிந்தது. கருமுட்டை எப்போது வெளிப்படும் என்று தெரிந்தால்தானே அந்த நாளில் சேர முடியும்? போனில் ஒரு ஆப் வைத்திருந்தேன். போன மாதத்தை வைத்து இந்த மாதத்தைக் கணக்குப் போட்டு, இன்றுதான் நல்ல நாள் என்று திரையில் பூவை விரித்துக் காட்டும். அந்தப் பூவுக்கும் என் உடம்புக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சிறுநீரில் நனைத்துப் பார்க்கிற பட்டை வாங்கினேன். எனக்கு நீர்க்கட்டி இருப்பதால் அது பாதி நாட்களில் இரண்டு கோடு காட்டி ஏமாற்றியது. கடைசியில் திருப்பதி டாக்டரம்மா எல்லாவற்றையும் ஓரம் கட்டச் சொல்லி, முட்டை வளர்வதை ஸ்கேனிலேயே பார்த்துவிடலாம் என்றார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரவேண்டும், எத்தனை முறை என்பதை முட்டைதான் சொல்லும் என்றார்.

என் கணவருக்குத் தடா பக்கத்தில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. கூட வேலை செய்கிற இரண்டு பேரோடு அறை எடுத்துத் தங்கியிருந்தார். சனிக்கிழமை சாயங்காலம் சித்தூர் வருவார், ஞாயிறு ஆராதனை முடிந்து சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். என் மாமியாரைப் பொறுத்தவரை அந்த ஒரு ராத்திரி போதும், மிச்சத்தைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார். அவர் எங்கள் சபையில் பெண்கள் ஐக்கியத்தின் செயலாளர். எனக்காக உபவாச ஜெபம் வைத்து வைத்து, என் கர்ப்பப்பை ஊருக்கெல்லாம் பழக்கப்பட்ட பொருளாகிவிட்டிருந்தது. காய்கறிக் கடையில்கூட யாராவது என் வயிற்றைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்ப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முதலில் தனியாகத்தான் போய்வந்தேன். ஒரு நாள் வெறும் வயிற்றோடு போய் திருப்பதி பஸ் ஸ்டாண்டில் மயங்கி விழுந்தேன். மாமியாருக்கு முழங்கால் வலி, பஸ் ஏற முடியாது. அப்போதுதான் மாமனார் தான் வருவதாகச் சொன்னார். பொம்பளை சமாசாரத்தில் ஆம்பளைக்கு என்ன வேலை என்று மாமியார் வாயில் கைவைத்தார். அதற்கு மாமனார், "எத்தினி புள்ளத்தாச்சிங்களுக்காகப் பஸ்ஸ ஆஸ்பத்திரிக்குத் திருப்பிக்கினு போயிருக்கேன். எனக்குத் தெரியாத பொம்பள சமாசாரமா?" என்று சட்டையை மாட்டிக்கொண்டார். அன்றைக்கு எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஸ்கேன் சென்டரில் நர்ஸ் வெளியே வந்து, புருஷன் வரவில்லையா என்று தெலுங்கில் சத்தமாகக் கேட்டாள். அத்தனை பேருக்கு நடுவில் இவர் எழுந்து நின்று, "நேனு மாமனி, செப்பண்டி" என்றார். மாமனார்தான், என்னிடம் சொல்லுங்கள் என்று. நர்ஸுக்குத்தான் சொல்ல வாய் வரவில்லை. அதைப் பார்த்ததும் என் வெட்கம் கொஞ்சம் விட்டது. பிறகு ஒவ்வொரு முறையும் நான் உள்ளேயிருந்து வரும்போது அவர் கேட்பது ஒன்றுதான்: "வருதா, லேட்டா?" லேட்டு மாமா என்பேன். சரி, டிபன் துன்னலாம் வா என்பார். எனக்கு ஆறுதல் சொல்லாத ஒரே ஆள் அவர்தான். அதனாலேயே அவரோடு இருக்கப் பிடித்தது.

ஒரு புதன்கிழமை, முட்டை முழுசாக வளர்ந்துவிட்டது, இன்றைக்கோ நாளைக்கோ வெளிப்படும், தவறவிடாதீர்கள் என்றார் டாக்டரம்மா. கணவருக்குப் போன் போட்டேன். சூப்பர்வைசர் லீவு தரமாட்டான், சனிக்கிழமைதான் வர முடியும் என்றார். மாமியாருக்குப் போட்டேன். வெள்ளிக்கிழமை ஜெபம் இருக்கிறது, மறுநாள் அவன் வந்துவிடுவான், எல்லாம் தேவனுடைய வேளையில் நடக்கும், நீ வீட்டுக்கு வா என்றார். பஸ் ஸ்டாண்டில் நின்று நான் அழுதேன். மாதக்கணக்கில் வராத ஒன்று வந்திருக்கிறது, அதை வாசலிலேயே நிறுத்திவைக்கச் சொல்கிறார்களே என்று ஆத்திரமாக வந்தது. மாமனார் என் கையிலிருந்து போனை வாங்கி மகனைக் கூப்பிட்டார். "நீ வரவேணாம்டா. அவ வரா. ரூம்ல கீற ரெண்டு பேர நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வைத்தார். பிறகு சத்தியவேடு வழியாகத் தடா போகிற பஸ் முன்னால் என்னைக் கொண்டுபோய் நிறுத்தினார். அத்தை என்ன சொல்வாரோ என்று நான் தயங்கினேன்.

"சனிக்கிழமை வரட்டும்னு உடம்பு காத்துக்கினு இருக்குமா? ஏறும்மா" என்றார்.

அவரும் கூடவே ஏறினார். வடமாலபேட்டை தாண்டும்போதுதான் எனக்கு உறைத்தது. மாமனாரே என்னைப் புருஷனிடம் கொண்டுபோய் விடுகிறார், அதுவும் எதற்காக என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். தடாவில் இறங்கியதும் அவர் அறைக்குள் வரவில்லை. கூட இருந்த இரண்டு பேரையும் தெருவிலேயே பிடித்து ஹோட்டலுக்கு இழுத்துக்கொண்டு போனார். பரோட்டா வாங்கிக் கொடுத்து, கண்டக்டர் காலத்துக் கதைகளை எல்லாம் சொல்லி உட்காரவைத்திருந்தாராம். பிறகு அவர்களை ஒரு நண்பன் அறைக்கு அனுப்பிவிட்டுத் தனியாக ஊர் திரும்பினார். அந்த மாதம் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் விஷயம் சபைக்குள் பரவிவிட்டது. மாமியார் அவரோடு பேச்சை நிறுத்தினார். ஒரு ஞாயிறு கோயில் வாசலில் யாரோ நக்கலாகக் கேட்டதற்கு, ஆமாம், நான்தான் கொண்டுபோய் விட்டேன், மறுபடியும் விடுவேன் என்று அவர் சத்தமாகச் சொன்னது பாஸ்டரய்யாவுக்கும் கேட்டது. மறுபடியும் இரண்டு முறை விட்டார்.

போன வருஷம் ஒரு விடியற்காலையில் நெஞ்சு வலி என்றார். ஆட்டோ வருவதற்குள் போய்விட்டார். அதற்கு முந்தின நாள்தான் என்னைத் திருப்பதிக்கு அழைத்துப் போயிருந்தார். இன்னும் கொஞ்சம் வளர வேண்டும், இரண்டு நாள் கழித்து வாருங்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அடக்க ஆராதனையில் பாஸ்டரய்யா அவருடைய நேர்மையைப் பற்றி நன்றாகத்தான் பேசினார். முடிக்கும்போது, பேரப்பிள்ளையின் முகத்தைக் காணாமலே கண் மூடினார் என்றார். பெண்கள் பக்கம் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. என்னைக் கேட்டால், அவர் கண் மூடும்போது மனக்குறையோடு போனவர் இல்லை. ஒரு நாளும் பேரன் பேத்தி என்ற வார்த்தையை என்னிடம் அவர் சொன்னதில்லை. அதை எழுந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

மறுநாள் காலை நான் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பியபோது மாமியார் வழியை மறித்தார். "சாவு ஊட்டுல இருந்தா ஸ்கேனுக்குப் போற?" என்று கேட்டார். ஆமாம் அத்தை என்று மட்டும் சொல்லிவிட்டு, அவரைச் சுற்றிக்கொண்டு வெளியே நடந்தேன். திருப்பதி வரை நின்றுகொண்டேதான் போனேன். ஸ்கேன் பார்த்துவிட்டு, இன்றைக்குத்தான் என்றார் டாக்டரம்மா.

நான் திரும்பி வந்தபோது கூடம் முழுக்கச் சொந்தக்காரர்கள். என் கணவர் ஆண்களோடு பாயில் சுருண்டு படுத்திருந்தார், அழுது அழுது கண் வீங்கியிருந்தது. போனில் சொல்லியிருக்கலாம், ஜாடை காட்டியிருக்கலாம். எனக்கு அப்படி ஒளிந்து செய்யத் தோன்றவில்லை. அத்தனை பேர் பார்க்க அவர் பக்கத்தில் போய் நின்று, "இன்னிக்குத்தான். எழுந்து வாங்க" என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எழுந்து வந்தார். நான் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.

உள்ளே முதலில் இரண்டு பேரும் அழுதோம். நைனா, நைனா என்று அப்பாவைக் கூப்பிட்டுக்கொண்டு சின்னப் பிள்ளைபோல் அவர் என் மடியில் கிடந்தார். அவருக்கு முடியாது என்றால் விட்டுவிடலாம் என்று நினைத்தேன், சொன்னேன். அவர் விட வேண்டாம் என்று தலையாட்டினார். அப்போது கூடத்தில் என் மாமியாரின் குரல் கேட்டது. எல்லாரும் எழுந்து வெளியே பந்தலுக்குப் போங்கள், காபி அங்கேதான், கூடத்தைப் பெருக்க வேண்டும் என்று அதட்டிக்கொண்டிருந்தார். நாற்காலிகள் நகர்ந்தன. கொஞ்ச நேரத்தில் வீடு அமைதியாகிவிட்டது. எங்களுக்காகச் சொன்னாரா, நிஜமாகவே கூடத்துக்காகச் சொன்னாரா என்று நான் இதுவரை கேட்கவில்லை. துடைப்பச் சத்தம் மட்டும் கேட்கவில்லை.

அந்த மாதமும் ஒன்றும் ஆகவில்லை. சாவு வீட்டில் புருஷனை அழைத்துக்கொண்டு கதவைச் சாத்தியவள் என்ற பேர்தான் எனக்கு மிஞ்சியது. அது தப்பு என்று யாராவது என் முகத்துக்கு நேராகச் சொன்னால், இன்றைக்கும் சண்டைக்கு நிற்பேன். எனக்குப் பிள்ளை வேண்டும். என் உடம்பு இன்னும் தன் இஷ்டத்துக்குத்தான் வருகிறது, நானும் விடுவதாக இல்லை. ஒரு நாள் போதும் என்று தோன்றலாம். தோன்றினால் அதை நான்தான் சொல்வேன், சபை சொல்லாது. நாளைக்குக் காலையில் மறுபடியும் ஸ்கேன். போகிறேன்.