பழைய மெஷினை ஏற்ற வந்த லாரி

பம்பாயில் மாதுங்காவிலிருந்து தினமும் ஃபோர்ட்டுக்கு வேலைக்குப் போகிறவள் நான். ஆபீசில், கம்ப்யூட்டர் படிப்பதற்காக அட்டைகளில் துளையிடும் வேலை.

புது கம்ப்யூட்டர் வந்ததும், பழைய கம்ப்யூட்டரில் ஓடிய புரோகிராம் அட்டைகளை அதில் போட்டார்கள். சரக்குக் கணக்கு கன்னாபின்னாவென்று வந்தது.

"புது மெஷின் வந்தா வேலை போயிடும்னு பயந்து நீதானே அட்டையைக் கெடுத்தே?" என்றார் மானேஜர்.

எனக்கோ புது மெஷின்மேல்தான் சந்தேகம். ஆனால் பழையதை ஏற்றிப்போக லாரி வாசலில் நின்றது.

"சார், இதே அட்டையைப் பழசுலே ஒரு தடவை ஓட்டிப் பாருங்கோ. அப்புறம் வேணும்னா என்னை வேலையை விட்டு அனுப்புங்கோ" என்று கெஞ்சினேன்.

அரைமனதாக ஓட்டினார். கணக்கு பிசகில்லாமல் வந்தது.

"புதுசுதான் தப்பாப் படிக்கறது" என்று முணுமுணுத்தவர், லாரியைத் திருப்பி அனுப்பினார்.

இப்போதெல்லாம் எந்தப் புது மெஷின் வந்தாலும், இரண்டும் ஒரே விடை தரும்வரை பழையதை அனுப்பாதீர்கள் என்று வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன்.