என் கையில் கட்டியிருந்த கால்

போன மாதம் மார்த்தாண்டத்தில் ஒரு ஆஸ்பத்திரியில், டாக்டர் ஒருவர் என் மகனின் போனை வாங்கிப் பார்த்தார்.

"பரவாயில்லையே... நாளுக்கு ஒம்பதாயிரம் ஸ்டெப்பா? கம்ப்யூட்டர் வேலை பாக்குறவங்கள்ல இப்பிடி நடக்குற ஆள நான் பாத்ததே இல்ல."

மகன் தலைகுனிந்துகொண்டான். மருமகள் கலாவுக்குப் பெருமை தாங்கவில்லை. நான் மூலையில் ஒரு ஸ்டூலில் இருந்தேன்.

அந்தப் பாராட்டு எனக்கு வரவேண்டியது. நடந்தவள் நான்தான்.

எப்படி என்கிறீர்களா? சொல்கிறேன். ஆனால் சிரித்துக்கொண்டே கேட்க ஆரம்பித்தால் பாதியில் நிறுத்த வேண்டிவரும். எனக்கும் அப்படித்தான் ஆயிற்று.

என் மகன் மணிகண்டனுக்கு நாற்பத்திரண்டு வயது. பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. கொரோனா காலத்தில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு, புதுக்கடை ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வந்தான். மாடி அறையில் போய் உட்கார்ந்தான். அன்று உட்கார்ந்தவன்தான்... கலா பள்ளிக்கூட டீச்சர். காலையில் போனால் சாயங்காலம் வருவாள். பகல் முழுக்க மேலே அவன், கீழே நான்.

உடம்பைப் பற்றி அவனுக்குத் தெரியாத விஷயம் கிடையாது. அவன் டீமில் மொத்தம் நாலு பேர். நாலு பேருக்கும் நாற்பது அபிப்பிராயம். ஒருவருக்குச் சர்க்கரை விஷம். இன்னொருவர் பதினாறு மணி நேரம் பட்டினி கிடப்பார், பிறகு பதினாறு மணி நேரத்துக்கும் சேர்த்துச் சாப்பிடுவார். முதுகு வலிக்காத நாற்காலி எது என்று மட்டும் ஒரு வாரம் பேசினார்கள்.

ஒருநாள் நான் சாயா கொண்டுபோனபோது, அதிக நேரம் உட்கார்ந்திருப்பது எவ்வளவு கெடுதல் என்று கம்ப்யூட்டருக்குள் யாரோ பாடம் நடத்திக்கொண்டிருந்தார். ஒன்றே கால் மணி நேரம். அத்தனை பேரும் உட்கார்ந்தே கேட்டார்கள்.

"நல்ல காரியந்தானே சொல்லுகாரு. செத்த எழும்பி நின்னு கேளேன் மக்கா" என்றேன்.

"கேமரா ஆன்ல இருக்கும்மா. எழும்புனா வயிறு தெரியும்."

இப்படிப்பட்ட கம்பெனி, ஒரு போட்டி வைத்தது. எல்லாருக்கும் கையில் கட்ட ஒரு வாட்ச். யார் எத்தனை அடி நடக்கிறார்கள் என்று அது எண்ணும். நாலு நாலு பேராக டீம். மூன்று மாதம். ஜெயிக்கிற டீமுக்குக் கப்பு.

முதல் வாரம் மணிகண்டன் நடந்த நடை ஒருநாளுக்கு அறுநூறு, எழுநூறு. அதுவும் பாத்ரூமுக்கும் ஃபிரிட்ஜுக்கும். அவனால் டீமே கடைசிக்குப் போய்விட்டதாம். ஒருநாள் காலையில் நான் பையை எடுத்துக்கொண்டு சந்தைக்குக் கிளம்பும்போது மாடியிலிருந்து இறங்கி வந்தான். அந்த நேரத்தில் அவன் இறங்கி வந்ததே எனக்கு அதிசயம்.

"எம்மா, சந்தைக்கா? நடந்தா போற?"

"பின்னே, பறந்தா போவேன்?"

"இதக் கொஞ்சம் கையில கெட்டிக்கிட்டுப் போயேன்."

எனக்கு விஷயம் புரிய அரை நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் ஒரே சிரிப்பு. வேண்டாம் என்று சொன்னேனா? இல்லை. அதை ஒத்துக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். கையை நீட்டினேன்.

"கெட்டு. உன்ன இடுப்புல தூக்கிட்டு நடந்தவளுக்கு இது பெரிய பாரமா?"

சந்தையில் மீன்காரி மரியபுஷ்பம் கண்டுபிடித்துவிட்டாள். அவள் கண்ணுக்குத் தப்பி எதுவும் போகாது.

"எக்கா, கையில என்ன? கல்ஃப் வாட்ச்சா?"

"வாட்ச் இல்ல பிள்ளே. எனக்க மவனுக்க காலாக்கும்."

அவள் சாளையை அள்ளிப் போட்டபடியே விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றிலிருந்து நான் போனாலே, "மவனுக்க காலு வருது, வழி விடுங்க" என்பாள். நானும் விடவில்லை. சந்தைக்குப் போகும் வழியை நீட்டினேன். கோயிலை மூன்று சுற்று சுற்றியவள் ஒன்பது சுற்று சுற்றினேன். சாமி என்ன நினைத்ததோ! மீன் கழுவ உட்கார்ந்தால் வாட்ச் கையில் கிடந்து துடிக்கும் - எழுந்திரு என்று. "சவமே, இந்த நெத்திலிய முடிக்கட்டும்" என்று அதோடு சண்டை போடுவேன்.

ஐயாயிரம், ஏழாயிரம், ஒன்பதாயிரம்... டீம் முதலிடத்துக்கு வந்துவிட்டது. மணிகண்டனுக்குக் கம்பெனியில் பெயர். கலாவுக்கு நாங்கள் சொல்லவில்லை. அவள் பள்ளிக்கூடத்துக்குப் போன பிறகு அவன் நடக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். தன் அண்ணன்மாருக்குப் போன் போட்டு, "இவங்கள பாத்துப் படியுங்க" என்று வேறு சொன்னாள். நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வோம். அம்மாவுக்கும் மகனுக்கும் நடுவில் அப்படி ஒரு ரகசியம் இருந்தது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பேசக்கூட இறங்கி வராதவன், வாட்ச்சைக் கட்டவும் கழற்றவும் தினம் இரண்டு தடவை வந்தானே!

ஆனால் ஒன்றை நான் கவனிக்காமல் விட்டேன். சாப்பிடும்போது இன்னொரு துண்டு மரச்சீனிக் கிழங்கு எடுப்பான். "இன்னைக்கு ஒம்பதாயிரம் ஆச்சுல்லா" என்பான். முதலில் கேலியாகத்தான் சொன்னான். பிறகு சிரிக்காமல் சொன்னான்.

ஊரை ஏமாற்றுவதற்காகச் சொன்ன பொய்யை அவன் உடம்பும் நம்பும் என்று நினைத்துவிட்டானா?

மூன்றாவது மாதம் கம்பெனியில் ஏதோ அவசர வேலை. பதினொரு நாள் மாடியை விட்டு இறங்கவில்லை. சோறும் சாயாவும் நான்தான் ஏற்றினேன். வாட்ச்சையும் அங்கேயே வைத்துக் கட்டிவிட்டான். அந்தப் படிக்கட்டும் அவன் கணக்கில்தான் ஏறியது.

பன்னிரண்டாம் நாள் காலையில் இறங்கி வந்தான். இடது காலைத் தரையில் ஊன்றவே இல்லை.

"என்னலே?"

"கெண்டைக்கால் இழுத்துப் பிடிச்சிருக்கும்மா. ரெண்டு நாளா."

தைலத்தைச் சூடாக்கிக்கொண்டு வந்தேன். கையை வைத்ததும் கத்திவிட்டான். கைலியைத் தூக்கிப் பார்த்தேன். வலது கால் எப்போதும் போல. இடது கால் கொஞ்சம் பருத்து, தோல் பளபளவென்று... சூடாக வேறு இருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போவலாம் மக்கா."

"போன்ல கேட்டேன். தசைப்பிடிப்புதானாம்."

இப்போதெல்லாம் போனிடமே நோயைச் சொல்லி மருந்து கேட்கலாம், உங்களுக்குத் தெரியும். என்ன கேட்டாய் என்றேன். வாசித்துக் காட்டினான். தினமும் ஒன்பதாயிரம் அடி நடக்கிறவன் நான், கால் வலிக்கிறது, என்ன செய்யலாம்... அதிகம் நடந்ததால் இருக்கும், ஓய்வெடுங்கள், உட்காருங்கள் என்று அது சொல்லியிருந்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று மாதத்தில் முதல் தடவையாக.

"ஏலே, அதுக்கிட்டயுமா?"

அவன் என்னைப் பார்த்தான். பொய் சொல்லியிருக்கிறோம் என்பதே அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ஆனால் திருத்திக் கேட்கவில்லை. கலாதான் லீவு போட்டு, பிடிவாதமாக மார்த்தாண்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நானும் ஏறிக்கொண்டேன்.

டாக்டரைக் குற்றம் சொல்ல மாட்டேன். காலைத் தொட்டுப் பார்த்தார். கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"ரொம்ப நேரம் உக்காந்தே இருப்பீங்களா?"

மணிகண்டன் வாயைத் திறப்பதற்குள் கலா சொல்லிவிட்டாள். "இல்ல டாக்டர், நல்லா நடப்பாங்க. போனைக் காட்டுங்க!"

அவன் காட்டினான். அதற்கப்புறம்தான் அந்தப் பாராட்டு. தசைப்பிடிப்பு மாதிரித்தான் இருக்கிறது, மாத்திரை எழுதுகிறேன், ஒரு வாரம் நடையை நிறுத்துங்கள் என்றார்.

நான் ஏன் அப்போதே பேசவில்லை? ஊரில் எல்லாருக்கும் பதில் சொல்கிற வாய் இது. வாயைத் திறந்தால் பெண்டாட்டி முன்னால் மகன் பொய்யன். கூட நானும்தான். சும்மா இருந்துவிட்டேன்.

வெளியே வந்தோம். கலா மருந்து வாங்க வரிசையில் போய் நின்றாள். மணிகண்டன் பெஞ்சில் உட்கார்ந்து, இடது காலை இரண்டு கையாலும் பிடித்து, ஒரு விறகுக்கட்டையைத் தூக்கி வைப்பதுபோல எதிர் பெஞ்சில் வைத்தான். நான் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"மக்கா, சொல்லிருவமா?"

"சும்மா இரும்மா. டாக்டரே சொல்லியாச்சு, ஒண்ணும் இல்லன்னு."

"அவரு சொன்னது எனக்க காலுக்குலா? போன்ல பாத்தது எனக்க காலையாக்கும். உனக்க காலு என்ன பாடு படுதுன்னு அவருக்குத் தெரியாதே."

"கலா இருக்கா. மானத்த வாங்காத."

நான் எழுந்தேன். முட்டி வலிக்கிறவளுக்கு அந்த வேகம் எங்கிருந்து வந்ததோ... அடுத்த டோக்கன்காரர் உள்ளே நுழையும்போது அவரை ஒதுக்கிவிட்டு நுழைந்தேன். மணிகண்டன் பின்னாலேயே நொண்டிக்கொண்டு வந்தான். என்ன ஏதென்று தெரியாமல் கலாவும் ஓடி வந்தாள்.

"டாக்டரே, அந்த நடை இவனுக்க நடை இல்ல. நான் நடந்ததாக்கும். இவன் பதினோரு நாளா கசேரிய விட்டு எழும்பல்ல."

டாக்டர் சிரித்தார். "அம்மா, பதறாதீங்க" என்றார். வயசான பொம்பளை, மகன் மேல் பாசத்தில் ஏதோ உளறுகிறாள் என்று நினைத்திருப்பார். வேறு எப்படி நினைப்பார்? வாழ்க்கை முழுக்கக் கேலி பேசியே திரிந்தவள் நான். உண்மையைச் சொன்னாலும் கேலியாகத்தான் கேட்கும்போல.

இடது கையை மேஜை மேல் வைத்தேன். மணிக்கட்டில் வாட்ச் கிடந்த இடம் மட்டும் வெளுத்து, சுற்றிலும் வெயில் பட்டுக் கறுத்து... மூன்று மாதச் சந்தை வெயில். மணிகண்டனின் கையை இழுத்து அதற்குப் பக்கத்தில் வைத்தேன். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போதுதான் அந்த வாட்ச்சைக் கட்டிக்கொண்டு வந்திருந்தான். கழற்றினேன். அடியில் ஒரு அடையாளமும் இல்லை. கை முழுக்க ஒரே வெளுப்பு. வெயிலே படாத கை.

டாக்டர் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. எழுந்து வந்து மறுபடியும் அவன் காலைப் பிடித்தார். "உடனே ஸ்கேன் எடுக்கணும். இனி நடக்க வேண்டாம், வீல்சேர் கொண்டு வாங்க" என்றார்.

காலில் ரத்தம் கட்டியிருந்தது. உள்ளே ஓடுகிற ரத்தக்குழாயில்.

"அசையாம ஒரே இருப்பு இருந்தா வரும். இது அங்க இருந்து பிரிஞ்சு நெஞ்சுக்குப் போயிருந்தா..." என்றார். பிறகு என்னிடம் கேட்டார். "தைலம் போட்டுத் தேய்ச்சீங்களா?"

"சூடாக்கி வச்சேன். இவன் தொட விடல்ல."

"நல்லவேளை. அழுத்தித் தேய்க்கவே கூடாது."

நான் கையை மடியில் மறைத்துக்கொண்டேன்.

ஊசியும் மருந்துமாக ஐந்து நாள் அங்கே கிடந்தான். கலா இரண்டு நாள் எங்கள் இரண்டு பேரிடமும் பேசவில்லை. வேண்டியதையெல்லாம் செய்தாள், பேசவில்லை. மூன்றாம் நாள் கஞ்சியை ஆற்றிக்கொண்டே சொன்னாள்.

"அத்தை, இவங்க சொல்லல்ல, சரி. எனக்கு இவங்களத் தெரியும். நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

அவள் கையிலிருந்த கஞ்சியை வாங்கி நான் ஆற்றினேன்.

ஐந்தாம் நாள் மணிகண்டன் தன் டீமுக்கு எழுதிப் போட்டான் - நடந்தது நான் இல்லை, எங்கள் அம்மா என்று. பிறகு ஒருவர் எழுதினார், அவர் வாட்ச் அவர் வீட்டு நாயின் கழுத்தில் இருந்ததாம். இன்னொருவர், தன்னுடையது வீட்டு வேலை செய்கிற மனைவியின் கையில் என்றார். மூன்றாமவர் ஒருவர்தான் நிஜமாகவே நடந்தவர். பாவம், அவருக்கு வந்த கோபம்!

படித்த பிள்ளைகள். எதைத் தின்றால் என்ன ஆகும் என்று மூச்சு விடாமல் சொல்வார்கள். உடம்பை அளக்க எத்தனையோ கருவி வைத்திருக்கிறார்கள். அளவு சரியாக வந்துவிட்டால் உடம்பும் சரியாகிவிட்டது என்று நம்புகிறார்களே, அங்கேதான் எனக்குப் பயம். ஏமாற்றியது அவர்கள் மட்டுமா? வாட்ச் கட்டத் தெரியாத நானும்தானே கையை நீட்டினேன்! பிள்ளை கேட்டதைச் செய்தால் பாசம் என்று நினைத்தேன். என் கால் நடந்தால் அவன் காலில் ரத்தம் ஓடுமா?

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு வாரம் கழித்து, டாக்டர் நடக்கச் சொன்னார். காலில் இறுக்கமான நீளக் காலுறையைப் போட்டுக்கொண்டு, முன்வாசலிலிருந்து தெருமுனை வரைக்கும், அங்கே நின்று மூச்சு வாங்கி, திரும்பி. நானும் கூடவே நடந்தேன். வெறுங்கையோடு.

வீட்டுக்குள் வந்ததும் வாட்ச்சைப் பார்த்தான்.

"நானூத்திப் பன்னெண்டும்மா. வெக்கக்கேடு."

"எனக்க மவன் நடந்த நடை" என்றேன்.

இப்போது சந்தை வரைக்கும் வருகிறான். மரியபுஷ்பம் முதல் நாள் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, என் கையைப் பார்த்தாள்.

"எக்கா, மவனுக்க காலு எங்க?"

"அவன்கிட்டயே குடுத்துட்டேன்."

அவள் சிரிக்கவில்லை. ஒரு சாளையைக் கூடுதலாகப் போட்டாள்.

என் மணிக்கட்டில் வெளுத்த கோடு மெல்ல மறைந்துகொண்டு வருகிறது. நேற்று, கை கழுவ வாட்ச்சைக் கழற்றினான் மணிகண்டன். அவன் கையில் லேசாக ஒன்று விழத் தொடங்கியிருந்தது.