நாலு அடி கிட்டாரும் மூணேமுக்கால் அடி இடுக்கும்

பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. மற்றபடி ஆஸ்பத்திரி முழுக்க அவன் ‘பரவாயில்லை’தான். யாராவது அவன் காலை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்டால், மிதித்த கால் நகர்வதற்கு முன்பே இவன் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து விழும். ஒரே ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் நாற்பத்து நாலு வயது வரை காலத்தை ஓட்டிவிட்டான் என்றால் நம்பித்தான் ஆக வேண்டும்.

வேலை, நோயாளிகளை ஏற்றி இறக்கும் லிஃப்டில். ஆறு மாடி, ஏழு பொத்தான், ஒரு மடக்கு ஸ்டூல். போன வருஷம் புதிதாக வந்த ஸ்ட்ரெச்சரை நேராக உள்ளே தள்ளினால் லிஃப்டின் கதவு மூடவில்லை. பெரிய படிப்புப் படித்தவர்கள் வந்து அளந்து பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார்கள். இவன்தான் தலைமாட்டை ஒரு மூலைக்கும் கால்மாட்டை எதிர் மூலைக்குமாகக் கோணலாகத் திருப்பி நுழைத்துக் காட்டினான். மிச்சம் கிடந்த முக்கோணத்தில் வயிற்றை எக்கிக்கொண்டு நின்றான். அன்றிலிருந்து அந்த முக்கோணம்தான் அவனுடைய ஆபீஸ். ஒருவரும் ஒரு வார்த்தை பாராட்டவில்லை. கேட்டால், பரவாயில்லை என்பான்.

வீட்டிலும் அதே கதைதான். அப்பா விட்டுப்போன வீட்டில் அண்ணனுக்குப் பாதி, இவனுக்குப் பாதி. அண்ணனுக்கு முதல் குழந்தை பிறந்தபோது தன் அறையைக் கொடுத்துவிட்டு ஹாலுக்கு வந்தான். இரண்டாவது பிறந்து தொட்டில் ஹாலுக்கு வந்தபோது, கண்ணாடி அடைத்த பால்கனிக்குப் போனான். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவார்கள் என்று சொல்வதுண்டு. இவன் விஷயத்தில் யாரும் பிடுங்கவே இல்லை. இவனே பிடுங்கிக் கையில் கொடுத்தான்.

பால்கனியில் ஒரு கட்டில். அதை ஒட்டி ஓர் ஆள் நடக்க ஒரு சந்து. சந்தின் கடைசியில் வாஷிங் மெஷின், தலைக்கு மேலே சொட்டிக்கொண்டே இருக்கும் துணிக்கொடி. கட்டிலுக்கு அடியில் அண்ணனின் இரும்புப் பெட்டி ஒன்று, பழைய ஃபைல்கள் அடைத்த அட்டைப்பெட்டி இரண்டு. அவை போகக் கட்டிலடியில் மிச்சம் மூணேமுக்கால் அடி இடுக்கு. கல்யாணப் பேச்சு இரண்டு தடவை வந்தது. வருகிறவள் எங்கே படுப்பாள் என்பதற்கு யாரிடமும் பதில் இல்லாததால் பேச்சு தானாகவே ஓய்ந்துபோனது.

இப்படிப்பட்டவனுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருந்தது. மதியம் மூன்றிலிருந்து ஆறு வரை, ஒரு வெல்டரின் தகரக் கொட்டகையில். வெல்டர் கிட்டார் வாசிப்பான். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற ஒருவர் டிரம்ஸ். பாடுவது ஒரு நர்சரி டீச்சர். பாடுவதாவது! அந்த அம்மா அடித்தொண்டையிலிருந்து உறுமினால் வாசலில் படுத்திருக்கும் நாய் எழுந்து போய்விடும். இவன், எல்லோருக்கும் அடியில் கனத்து ஒலிக்கிற பாஸ் கிட்டார். பன்னிரண்டு வருஷமாக, வாரத்தில் அந்த மூன்று மணி நேரம் மட்டும்தான் இவன் வயிற்றை எக்காமல் நின்றான். தந்தியைத் தட்டினால் சத்தம் கொட்டகை முழுக்கப் பரவும், யாரையும் ஒதுங்கச் சொல்லாமலே.

அதிலும் மண் விழுந்தது. குழந்தைகளை அதட்டி அதட்டி டீச்சரின் குரல் இன்னும் கனத்துப்போயிருந்தது. “எல்லாரும் சுருதிய நல்லா கீழ இறக்குங்க. என் குரல் அங்கதான் நிக்குது,” என்றாள். வெல்டர் தன் கிட்டார் தந்திகளைத் தளர்த்தினான். பாஸ் அதற்கும் கீழே போக வேண்டும். இவனுடைய பழைய நாலு தந்திக் கிட்டாரை அவ்வளவு தூரம் இறக்கியபோது, தந்தி பழைய பைஜாமா எலாஸ்டிக் மாதிரி தொளதொளவென்று ஆடியது.

“புதுசா அஞ்சு தந்தி ஒண்ணு வாங்கிடு. அடுத்த மாசம் மேடை இருக்கு,” என்றான் வெல்டர். பிறகு கண்ணைப் பார்க்காமல், “இல்லன்னா என் மச்சானைத்தான் கூப்பிடணும். அவன்கிட்ட இருக்கு. மனசுல வெச்சுக்காத,” என்றான்.

“பரவாயில்ல,” என்றான் இவன்.

அட மனுஷா! உயிரைக் கேட்கிறார்கள், அதற்குமா பரவாயில்லை?

மறுநாளே சாப்பாட்டு நேரத்தில் கிட்டார் கடைக்கு ஓடினான். கடையை நடத்துகிற அக்கா இரண்டு அஞ்சு தந்திக் கிட்டார்களை எடுத்து மேஜைமேல் வைத்தாள். ஒன்று சின்னது, மின்னியது. இன்னொன்று நீளம், கறுப்பு, கழுத்து ஏணி மாதிரி. இவன் இரண்டையும் தட்டிக்கூடப் பார்க்கவில்லை. பையிலிருந்து டேப்பை எடுத்து அளந்தான்.

“என்ன சார், ஜன்னலுக்குத் திரை தைக்கப் போறீங்களா?” என்றாள் அக்கா.

“இது நாலடி. அது மூணரைக்குக் கொஞ்சம் மேல. அது போதும்.”

“எவ்வளவு கீழ இறக்கி வாசிக்கிறீங்க?” இவன் சொன்னான். அக்கா தலையை ஆட்டினாள். “அப்ப சின்னது வேணாம் சார். இறக்க இறக்க தந்திக்கு நீளம் வேணும். நீளம் இருந்தாத்தான் விறைப்பா நிக்கும். குட்டையில கட்டினா கொழகொழன்னு போயிடும். வெறும் சத்தம் வரும், சுருதி வராது.”

“பரவாயில்ல. அதையே குடுங்க.”

“உங்க இஷ்டம். கீறல் விழாம கொண்டுவந்தா ரெண்டு வாரத்துல மாத்திக்கலாம்,” என்றாள் அவள். இவனை அளந்துவிட்டாள் போலிருக்கிறது.

பழையதை அக்காவிடமே கொடுத்துவிட்டதால், சின்னது கட்டிலுக்கு அடியில் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. இவனுக்கு ஒரே சந்தோஷம். செருப்புக்குத் தக்கபடி காலைத் தறித்துவிட்டுச் சந்தோஷப்படுகிறவனை என்னவென்று சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை முதல் பாட்டிலேயே குட்டு வெளிப்பட்டது. அடித் தந்தியைத் தொட்ட போதெல்லாம் ஏதோ சேற்றில் கால் வைத்த சத்தம். டிரம்ஸ்காரர் பாதியிலேயே குச்சியைக் கீழே வைத்துவிட்டார்.

“கடையில வேற எதுவும் இல்லையா?” என்றான் வெல்டர்.

“நீளமா ஒண்ணு இருந்துச்சு. கட்டிலுக்கு அடியில போகாது.”

டீச்சர் சிரித்துவிட்டாள். அவன் விளையாடவில்லை என்று தெரிந்ததும் சிரிப்பு நின்றது. “ஏங்க, உங்க வீட்டுல வேற இடமே இல்லையா?”

“இருக்கு...” என்றான்.

“அடுத்த ஞாயிறு வரைக்கும் பாக்குறேன். மச்சான்கிட்ட சொல்லி வெச்சுட்டேன். அதுக்கு மேல என்னால முடியாது,” என்றான் வெல்டர்.

ஞாயிற்றுக்கிழமை போய்விட்டால் மிச்சம் இருப்பது முக்கோணமும் சந்தும்தான். சாகும்வரை அது இரண்டும்தான்.

அண்ணனிடம் கேட்டுவிடுவது என்று தீர்மானித்தான். ஒரு இரும்புப் பெட்டியைக் கால் அடி நகர்த்தச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். திங்கட்கிழமை அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றான்.

“அண்ணே, அந்தப் பெட்டி...”

“எந்தப் பெட்டி? ஏன்டா, இன்னும் ரெண்டு அட்டைப்பெட்டி இருக்கு, அதையும் அங்க தள்ளட்டுமா?”

“ம்... பரவாயில்ல.”

குட்டக் குட்டக் குனிபவனும் முட்டாள், குனியக் குனியக் குட்டுபவனும் முட்டாள். ஆனால் அந்த அண்ணனைக் கேட்டால் தான் யாரையும் குட்டவே இல்லை என்றுதான் சொல்வார். அதுவும் பொய்யில்லை. அந்தப் பெட்டிகளும் அன்றைக்கே வந்து சேர்ந்தன. சின்னக் கிட்டாருக்கும் கட்டிலடி இடுக்கு போதாமல், அது சுவரோடு ஒடுங்கிக்கொண்டு படுத்தது.

வியாழக்கிழமை லிஃப்டில் ஆளில்லாத நேரம் பார்த்துப் பழகிப்பார்த்தான். “எனக்கு இடம் வேணும்,” என்று கதவைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னான். கதவு திறந்தது. வெளியே ஒரு நர்ஸ்.

“என்ன சொன்னீங்க?”

“நாலாவது மாடி.”

ஞாயிற்றுக்கிழமை மதியம் சின்னக் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனான். பதினாலாவது நாள், ஒரு கீறல் இல்லை. அக்கா கறுப்பு நெட்டையை எடுத்து நீட்டினாள்.

“இன்னைக்கு அளக்கலையா?”

“அளந்துட்டேன். பத்தாது,” என்றான். “குடுங்க.”

அங்கிருந்து நேரே கொட்டகை. அடித் தந்தியை ஒரே ஒரு தடவை தட்டினான். கூரைத் தகரம் கிடுகிடுத்தது. ஆணியில் தொங்கிய வெல்டரின் முகமூடி கழன்று கீழே விழுந்தது. சத்தம் தெளிவாக, தனியாக, யாரோடும் கலக்காமல் நின்றது. டீச்சர் வெல்டரைத் திரும்பிப் பார்த்து, “மச்சானுக்குப் போன் பண்ணி வேணாம்னு சொல்லிடுங்க,” என்றாள். இவனுக்குக் கண் கலங்கிவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு மூன்று மணி நேரமும் வாசித்தான்.

கொட்டகையில் விட்டுவைத்தால் வெல்டிங் பொறி தெறிக்கும் என்று தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் பழைய கணக்கு. நிறுத்தி வைத்தால் ஈரத்துணி சொட்டும், வாஷிங் மெஷினுக்குப் போகிறவர்கள் இடிப்பார்கள். அடியில் போகாது. சந்தில் கிடத்தினால் மிதிபடும். கடைசியில் கிட்டாரைக் கட்டில்மேல் படுக்க வைத்து, தன் போர்வையை எடுத்து அதற்குப் போர்த்தினான். இவன் கீழே படுத்தான். நேராகப் படுத்தால் வாஷிங் மெஷின் இடித்தது. ஸ்ட்ரெச்சர் ஞாபகம் வந்தது. தலையைச் சந்தின் மூலைக்குக் கொடுத்து, உடம்பைக் கோணலாகத் திருப்பி, கட்டிலடியில் கிட்டாருக்கென்று விட்டுவைத்திருந்த இடுக்கில் காலை நுழைத்துக்கொண்டான். கச்சிதமாகப் பொருந்தியது.

காலையில் அண்ணி அழுக்குத்துணிக் கூடையோடு வந்தவள் அலறிவிட்டாள். “ஐயோ தம்பி! மிதிச்சிருப்பேனே! அப்ப கட்டில்ல யாரு?”

“கிட்டாரு, அண்ணி.”

அலறல் கேட்டு அண்ணன் வாயில் பிரஷ்ஷோடு வந்து நின்றார். அண்ணி கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். கெட்ட மனசில்லை அவளுக்கு. “வெறும் தரையிலயா படுத்தீங்க? இடுப்பு வலிக்காதா?” என்றாள். சொல்லிக்கொண்டே காலைத் தூக்கினாள், அவன் பரவாயில்லை என்றதும் தாண்டிப் போவதற்கு.

“வலிக்குது அண்ணி,” என்றான் அவன்.

தூக்கிய கால் அப்படியே நின்றது. அண்ணன் பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்தார்.

“ரொம்ப நாளா வலிக்குது,” என்றான். எழுந்திருக்கவில்லை. காலையும் மடக்கிக்கொள்ளவில்லை. அண்ணி தூக்கிய காலை மெல்லப் பின்னால் வைத்தாள்.