போளி, பாயசம், ஒரு தம்ளர் தண்ணீர்

திருவனந்தபுரத்துக்கு நான் முதன்முதலாக வந்தது என் அத்தையைப் பெண் பார்க்க வைப்பதற்காக. அப்போது அது எனக்குத் தெரியாது. லீவுக்குக் கடல் பார்க்கப் போகிறோம், ஓட்டலில் சாப்பிடப் போகிறோம் என்றுதான் சொன்னார்கள். மூன்றாம் வகுப்பு முடித்திருந்தேன். அதற்குப் பிறகு நான் பள்ளிக்கூடம் போகவில்லை. ஆகவே லீவு என்று எனக்கு வாய்த்ததில் அதுதான் கடைசி.

நாங்கள் சங்கரன்கோவில் பக்கம். அத்தை என் அப்பாவுக்குக் கடைசித் தங்கை. அவளைப் பார்க்க நாலைந்து இடத்திலிருந்து வந்து போயிருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் ஜமுக்காளம் விரித்து, கேசரி கிண்டி, பஜ்ஜி போட்டு வைப்போம். வந்தவர்கள் தின்றுவிட்டு ஊருக்குப் போய்த் தகவல் சொல்கிறோம் என்பார்கள். தகவல் வராது. ஆனால் வராத தகவல் மறுநாள் தெரு முழுக்கத் தெரிந்திருக்கும். தண்ணீர் எடுக்கப் போகிற இடத்தில் அத்தையிடம் கேசரி நன்றாக வந்ததா என்று விசாரிப்பார்கள். அதன்பிறகு எங்கள் வீட்டில் கேசரி என்ற பேச்சையே அவள் எடுக்க விடுவதில்லை. எனக்கு அது பெரிய நஷ்டம்.

என் தாய்மாமா அப்போது இங்கே ஆரியசாலையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் இருந்தார். அவர்தான் யோசனை சொன்னது. மாப்பிள்ளை இங்கேயே சாலைக் கடைத்தெருவில் மல்லி மிளகுக் கடையில் கணக்கு எழுதுகிறவர். பார்ப்பதை ஓட்டலில் வைத்துப் பார்க்கட்டும், தற்செயலாகப் பார்த்த மாதிரி. அமைந்தால் சரி. அமையாவிட்டால் நீங்கள் ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர்கள், சாப்பிட்டுவிட்டுப் போனீர்கள், ஒரு பயலுக்கும் தெரியாது. அத்தைக்கும் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். அம்மாவுக்குக் கைக்குழந்தை, அதனால் வரவில்லை. ஒரு சின்னப் பையன் கூட இருந்தால்தான் பார்க்கிறவர்களுக்குச் சுற்றுலா மாதிரித் தெரியும் என்று என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்.

தம்பானூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் மாமா புட்டுக் கடைக்குக் கூட்டிப்போனார். மூங்கில் குழாயின் பின்னால் ஒரு குச்சியை விட்டுத் தள்ளினார்கள், ஆவியோடு வெள்ளையாக வந்து இலையில் விழுந்தது. கடலைக் குழம்பு, அப்பளம், ஒரு பழம். எதை எதோடு சேர்ப்பது என்று எங்களுக்குப் புரியவில்லை. அப்பா புட்டைத் தனியாகத் தின்று விக்கினார். அத்தை சாப்பிடாமல் பக்கத்து மேசைக்காரரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அப்பளத்தை நொறுக்கிப் போட்டு, குழம்பை ஊற்றிப் பிசைந்து எனக்கும் கொடுத்தாள். அவள் எதையும் அப்படித்தான், முதலில் பார்ப்பாள்.

அந்தக் கடையில் ஓர் ஆள் காப்பி ஆறிவிட்டது என்று பரிமாறுகிறவரைப் பிடித்துச் சத்தம் போட்டார். பெரிய சத்தம் இல்லை. ஆனாலும் அத்தை பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்திவிட்டாள். எனக்கு இன்னொரு அத்தை உண்டு, இவளுக்கு மூத்தவள். அவள் வீட்டுக்காரர் சோற்றில் ஒரு முடி கிடந்தால் தட்டைத் தூக்கி முற்றத்தில் எறிவார். குழம்பில் உப்புக் குறைந்தாலும் முற்றம்தான். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அது தெரியும், யாரும் அதைப் பேசமாட்டார்கள். இந்த அத்தை ஒரு மாதம் அங்கே போய் இருந்துவிட்டு வந்தவள்.

அன்று மிருகக்காட்சி சாலை பார்த்தோம். நீர்யானை வாயைத் திறக்கும் என்று வெகு நேரம் நின்றோம், திறக்கவில்லை. சாயங்காலம் நேந்திரம்பழத்தை மாவில் முக்கிப் பொரித்துத் தருவார்களே, இங்கே ஏத்தக்கா அப்பம் என்பார்கள், அதைச் சூட்டோடு தின்று நாக்கைச் சுட்டுக்கொண்டேன். அந்த எரிச்சல் மறுநாள் மத்தியானம் வரை இருந்தது. மறுநாள் மத்தியானம்தான் சங்கதி.

காலையிலேயே அப்பா அத்தையைப் பட்டுச் சேலை கட்டச் சொன்னார். சோறு தின்னப் போக எதற்குப் பட்டு என்று அவள் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் கட்டிக்கொண்டாள். பெரியவர்களுக்கு அது அப்போது உறைக்கவில்லை என்று நினைக்கிறேன்.

ஓட்டல் சாலைக் கடைத்தெருவுக்குப் பக்கம். பெண்கள் உட்கார ஒரு குடும்ப அறை, வாசலில் திரை போட்டு இருந்தது. மாமா அதற்குள் காற்று வராது என்று சொல்லிப் பொதுக் கூடத்தில் நீள மேசை ஒன்றைப் பிடித்தார். என்னை எதிர்ப்பக்கம் அப்பாவோடு உட்காரச் சொன்னார். அத்தை, இவனுக்குப் பிசைந்து கொடுக்க வேண்டும், என் பக்கத்தில் இருக்கட்டும் என்றாள். அத்தை, அடுத்து நான், எனக்கு அந்தப் பக்கம் ஒரு காலி நாற்காலி.

ஒல்லியாக, முன்தலை கொஞ்சம் வழுக்கையாக ஒருவர் உள்ளே வந்தார். கஞ்சி போட்ட வேட்டி. மாமா எழுந்து நின்று, இடம் இல்லையா சார், இங்கே உட்காருங்கள் என்று காலி நாற்காலியைக் காட்டினார்.

“மாமா, அங்கன எல்லாம் காலியாத்தான கெடக்கு” என்றேன். மெய்யாகவே கூடத்தில் பாதி காலி.

“அதெல்லாம் ஆளு சொல்லி வச்சிருக்குல. நீ சும்மா இரி” என்றார் மாமா.

அப்பாவுக்கு இருமல் வந்துவிட்டது. வந்தவர் சிரிப்பை உதட்டுக்குள் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். மாமா அவரிடம், சாருக்கு எங்கே ஜோலி என்று புதிதாகக் கேட்பது போலக் கேட்டார். அவரும் புதிதாகச் சொல்வது போலச் சொன்னார். இருவரும் தினமும் ஒரே கடையில் டீ குடிக்கிறவர்கள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரியும்.

சாப்பாடு வந்தது. சோறு சிவப்பாக, கொட்டை கொட்டையாக இருந்தது. பருப்பு, நெய், அவியல், பச்சடி, பெரிய அப்பளம். குடிக்கிற தண்ணீர்கூடச் சுட்டது. ஏதோ மரக்கட்டை போட்டுக் காய்ச்சி ரோஜா நிறத்தில் வைத்திருந்தார்கள். ரசம் தனியாக இன்னொரு தம்ளரில். அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. அத்தை இலையை விட்டுத் தலை நிமிரவில்லை, ஆனால் நன்றாகச் சாப்பிட்டாள். நடுவில் என் ரசத் தம்ளரை எடுத்துத் தன் பக்கம் தள்ளி வைத்தாள். ஏன் எடுக்கிறாய் என்று கேட்டேன்.

“நீ தட்டிருவ” என்றாள்.

கொஞ்ச நேரத்தில் நான் தட்டினேன். ரசத்தை அல்ல, தண்ணீரை. நான் தட்டினேன் என்று சொல்வதும் சரியில்லை. தம்ளருக்குக் கையை நீட்டினேன், அந்த நேரம் பார்த்து அத்தையின் முழங்கை என் முழங்கையை இடித்தது. தம்ளர் சாய்ந்து, என் இலையையும் தொடையையும் நனைத்துக்கொண்டு அவ்வளவு தண்ணீரும் அந்த மனிதர் மடியில்.

மாமா பாதி எழுந்தவர் அப்படியே நின்றார். அப்பா மேசைக்கு மேலாகக் கையை நீட்டி என் காதைப் பிடித்துத் திருகினார். நான் அத்தையைப் பார்த்தேன், அவள் சொல்லுவாள் என்று. அவள் என்னைப் பார்க்கவில்லை. அதுவரை நிமிராத தலையை நிமிர்த்தி, அந்த மனிதரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் எழுந்து வேட்டியை உதறினார். கஞ்சி விட்டுப்போய் வேட்டி தொடையோடு ஒட்டிக்கொண்டது.

“சாரமில்ல, வெள்ளந்தானே, உணங்கிரும்” என்றார். பரவாயில்லை, தண்ணீர்தானே, காய்ந்துவிடும் என்று அர்த்தம். பிறகு அப்பாவிடம், “பிள்ளையோட காதை விடுங்கோ அண்ணாச்சி. சோறு திங்கற நேரமாக்கும்.”

அப்பா விட்டார். பரிமாறுகிறவர் துணி கொண்டுவந்தார். அந்த மனிதர் அதை வாங்கி முதலில் என் தொடையைத் துடைத்தார். அப்புறம் அத்தையை ஒரே ஒரு தடவை பார்த்தார். பார்த்துவிட்டு, பரிமாறுகிறவரிடம், “சேட்டா, மோனுக்கு ஒரு பப்படம் கூட. இது நனைஞ்சு போச்சு கேட்டோ” என்றார். ஈர வேட்டியோடே உட்கார்ந்து சாப்பாட்டைத் தொடர்ந்தார்.

கடைசியில் போளி வைத்தார்கள். எங்கள் பக்கத்தில் போளியைக் காகிதத்தில் சுற்றித் தருவார்கள், நடந்துகொண்டே தின்போம். நான் கையில் எடுத்ததும் அவர் தடுத்து, இலையில் போட்டுப் பிய்க்கச் சொன்னார். அதன்மேல் பாயசத்தை ஊற்றச் செய்து, குழைத்துச் சாப்பிடு என்றார். நெய்யும் ஏலக்காயும் பாலும் ஊறி, அப்படி ஒன்றை நான் தின்றதில்லை. இந்த ஊரிலேயே இத்தனை காலம் இருந்து எத்தனையோ இலையில் போளி தின்றிருக்கிறேன், அன்றைக்கு மாதிரி வரவில்லை. புட்டுக் கடையில் அப்பளத்தை நொறுக்கியது போலவே அத்தையும் முதலில் பார்த்து, அதே மாதிரி பிய்த்து ஊற்றிச் சாப்பிட்டாள்.

வெளியே வந்ததும் மாமா ஒரே வார்த்தைதான் சொன்னார்: “போச்சு.” சங்குமுகம் கடற்கரைக்குப் போனோம். அப்பாவும் மாமாவும் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்கள். நான் காதைத் தடவிக்கொண்டு தனியாக நின்றேன். அத்தை மட்டும் பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அலையில் நின்றாள். “ஏல, இன்னொரு போளி வேணுமால?” என்று கேட்டாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். என்னை மாட்டிவிட்டுவிட்டு எப்படிச் சிரிக்கிறாள் என்று இருந்தது.

கொஞ்ச நாளில் மாமா நேரில் வந்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டாருக்குச் சம்மதம். வீட்டில் யாருக்கும் நம்ப முடியவில்லை. அத்தையிடம் யாரும் சம்மதமா என்று கேட்கவில்லை. அவள் எழுந்து போய்க் கேசரி கிண்டினாள். கல்யாணத்தில் என்னைக் காட்டிக் காட்டிச் சிரித்தார்கள், மாப்பிள்ளையை முன்கூட்டியே குளிப்பாட்டினவன் இவன் என்று. நான் தட்டவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். ஒருவரும் கேட்கவில்லை.

பிறகு மீசை முளைத்த வயதில் அத்தை வீட்டுக்காரரே என்னை இங்கே வரவழைத்து அந்தக் கடையிலேயே வேலை வாங்கிக் கொடுத்தார். மத்தியானச் சாப்பாடு அத்தை வீட்டில். ஒரு நாள் அவள் எனக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தபோது சட்டென்று ஞாபகம் வந்து கேட்டேன். அன்றைக்கு ரசத் தம்ளரை ஏன் முதலிலேயே எடுத்து வைத்தாய்?

“ரசம்னா கறை போவாதுல்லா” என்றாள் அத்தை.

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அவர் இலையிலிருந்து தலையைத் தூக்காமல், “கொஞ்சம் ஆற விட்டுத் தட்டியிருக்கலாம்” என்றார்.

அன்று அந்த மேசையில் யார் யாரைப் பார்க்க வந்திருந்தார்கள் என்பது, காது சிவக்க உட்கார்ந்து போளி தின்றுகொண்டிருந்த எனக்குத் தெரியவில்லை.