கடற்கரைக்குப் போன தணிக்கை

ஜெர்மனியில், இந்த ஹம்பர்க்கில் நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினால், "எங்கே?" என்று கேட்க ஒரு ஈ காக்கை கிடையாது. எதிர்வீட்டுப் பெரியவர் "மொய்ன்" என்று ஒரு வணக்கத்தை முனகிவிட்டுக் குப்பையைத் தரம் பிரிக்கப் போய்விடுவார். சிந்தாதிரிப்பேட்டையில் பால் வாங்கப் போனாலும் தெரு முழுக்கப் பதில் சொல்ல வேண்டும். முதல் வருடம் இந்த நிம்மதி சுகமாக இருந்தது. இப்போதெல்லாம், யாராவது கேட்டுத் தொலையுங்களேன் என்று படிக்கட்டில் நின்று கத்தத் தோன்றுகிறது.

அடுத்த வீட்டுக்காரி எங்கே போகிறாள் என்ற அக்கறை இல்லாத இவர்களுக்கு, தங்கள் சட்டையைத் தைத்தவள் சுதந்திரமாக இருக்கிறாளா என்ற அக்கறை சட்டமாகவே இருக்கிறது. எந்த நாட்டில் தைத்தாலும் சரி, அங்கே யாரையும் அடைத்துவைத்து வேலை வாங்கவில்லை என்று துணி விற்கும் கம்பெனிதான் விசாரித்து உறுதிசெய்ய வேண்டும். அப்படியொரு கம்பெனியில், அந்த விசாரிக்கும் பிரிவில்தான் எனக்கு வேலை. தமிழ் தெரியுமே என்று போன வருடம் என் மேலாளர் காத்ரினோடு சென்னைக்கே அனுப்பினார்கள். ஓசியில் ஊரைப் பார்க்கலாம் என்று நானும் பல்லை இளித்துக்கொண்டு கிளம்பினேன்.

திருவான்மியூரில் எங்களுக்குச் சட்டை தைத்துக் கொடுக்கும் ஒரு தையல் கம்பெனி. பின்னாலேயே பெண்கள் விடுதி, அதன் கேட்டில் பெரிய பூட்டு. ஏன் பூட்டு என்று காத்ரின் கேட்டாள். "வயசுப் பொண்ணுங்க மேடம். பெத்தவங்களே பூட்டி வைங்கன்னுதான் சொல்றாங்க" என்றார் முதலாளி. அது பொய்யும் இல்லை என்பதுதான் எனக்கு எரிச்சல். கூவம் ஓரத்து வீட்டை இடித்து அரசாங்கம் எங்களை ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்குத் தூக்கிப் போட்டபோது, கல்லூரிக்காக நான் மயிலாப்பூரில் ஒரு விடுதியில் தங்கினேன். அங்கேயும் இரவில் பூட்டுதான். ஆனால் விடிந்தால் திறப்பார்கள். இங்கே கம்பெனிக்குப் போகும் கதவைத் தவிர வேறெதுவும் திறப்பதில்லை. வெள்ளைக்காரியிடம் நன்றாகக் கதை விட்டார் என்று நீங்கள் சிரிக்க வேண்டாம். அந்தக் கதையை அவருக்குச் சொல்லிக் கொடுத்தது நம் வீடுகள்தான்.

அப்படியானால் இப்போதே இவர்கள் வெளியே போகலாமா என்றாள் காத்ரின். தாராளமாக என்றார் முதலாளி. அவ்வளவுதான், ஒரு திருவிழாவே கிளம்பியது. பெண்கள் தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு வந்தார்கள். முன்னால் வார்டன், பின்னால் சூப்பர்வைசர், நடுவில் இவர்கள் வரிசையாகக் கடற்கரைக்கு நடந்தார்கள். சுண்டல்கூட முதலாளி செலவு. காத்ரின் கண் கலங்கி, "ஷோன், ஷோன்" என்று உருகினாள். அழகாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அலைச் சத்தத்தில் ஒரு பெண் என் அருகே ஒட்டி நின்றாள். பெயர் அஞ்சலை, திருவண்ணாமலைப் பக்கம். தாய் தகப்பன் இல்லை.

"எங்க அக்காளுக்கு நெறமாசம். என்ன விட்டா வேற ஆளில்ல. ஊருக்குப் போறேன்னா ஆதார் கார்டக் குடுக்க மாட்டேங்கறாங்க, ஆர்டர் முடியட்டும்ங்கறாங்க. நீங்க சொல்லுங்கக்கா."

காத்ரினிடம் மெதுவாக ஜெர்மனில் சொன்னேன். எதையும் முகத்துக்கு நேரே கேட்டுவிடுவதுதான் அவர்கள் ஊரில் நேர்மை. நான் கையைப் பிடிப்பதற்குள் வார்டனிடம் போய், அஞ்சலையை விரலால் காட்டி, இந்தப் பெண்ணை ஏன் வீட்டுக்கு விடவில்லை என்று ஆங்கிலத்தில் கேட்டே விட்டாள். கடங்காரி. வார்டன் சிரித்த முகத்தோடு அஞ்சலையைப் பார்த்தாள்.

"போகணுமாம்மா? போயேன், யாரு புடிச்சா?"

அஞ்சலை மணலைப் பார்த்துக்கொண்டு, "இல்லக்கா, போகல" என்றாள்.

என்ன சொல்கிறாள் என்று காத்ரின் என் பக்கம் திரும்பினாள். போகவில்லை என்கிறாள், ஆனால் பயத்தில் சொல்கிறாள் என்றேன். அந்த 'ஆனால்' அவள் காதில் ஏறவே இல்லை. "ஆலெஸ் குட்", எல்லாம் நல்லபடி என்று எங்களைப் படம் எடுக்க வரிசையாக நிறுத்தத் தொடங்கினாள்.

மறுநாள் ஆட்டோ ஓட்டும் என் அண்ணனோடு விடுதிக்குப் போனேன். வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. எப்படியாவது அஞ்சலையைப் பார்த்துக்கொள் என்று அண்ணனிடம் கெஞ்சினேன். "நீ ஃபிளைட்டு ஏறிப் போய்க்கினே இருப்ப. அப்பால இவனுங்க மூஞ்சில முழிக்கிறது நானு" என்றான். ஆனாலும் போய் விசாரித்துக்கொண்டுதான் இருந்தான்.

ஹம்பர்க் திரும்பியதும் நடந்ததை ஒன்று விடாமல் எழுதிக் கொடுத்தேன். சட்டப் பிரிவுக்காரர் காப்பி கொடுத்து உட்கார வைத்து, மிக மரியாதையாகச் சொன்னார்: சம்பந்தப்பட்ட பெண்ணே மறுத்துவிட்டாள், அதை மொழிபெயர்த்ததும் நீங்கள்தானே. அறிக்கை வெளியானபோது, பணியாளர்கள் விருப்பப்படி வெளியே சென்று வருகிறார்கள் என்ற வரியின் கீழே கடற்கரைப் படம் இருந்தது. காத்ரின் என் தோளைத் தட்டி, நம் வேலை வீண் போகவில்லை என்றாள்.

அன்றைக்குத்தான் அண்ணன் அழைத்தான். "அந்தப் பொண்ணோட அக்காவுக்குக் கொயந்த பொறந்துட்ச்சாம். பக்கத்துல நாதி இல்லாம பெத்துக்கீது. இது இன்னும் உள்ளதான் கீது. இன்னா வேலைதான் பாக்கற நீ?"

எதிரே திரையில் அந்தப் படம் திறந்திருந்தது. என் ஒரு கை அஞ்சலையின் தோளில் இருக்கிறது. என் கழுத்தில் எங்கள் ஹம்பர்க் கம்பெனியின் அட்டை தொங்குகிறது. அவள் சிரிக்கிறாள், நானும் சிரிக்கிறேன். சிரிக்கச் சொன்னவள் காத்ரின். அதைத் தமிழில் சொன்னவள் நான்.